மறு: பெரிய வடிவக் கேமராவின் ‘பெல்லோஸ்’: துருத்தியா, மடிப்புக்கூடா?

அன்புள்ள குழுவினருக்கு,

பெரிய வடிவக் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள, வெளிச்சம் புகாத, நீண்டு சுருங்கும் குழாய்தான் ‘பெல்லோஸ்’. அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நம் குழுவில் ஒருவர் எழுதியது:

> துருத்தி காற்றை ஊதுவது. கேமராவில் இருப்பதோ வெளிச்சத்தைத் தடுப்பது. ‘மடிப்புக்கூடு’ போதுமே.

ஐயா, நான் துருத்தியின் பக்கம். 8×10 அங்குல ஃபிலிம் போடும் கேமராவில், லென்ஸைத் தாங்கும் முன்சட்டத்தை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். காற்று உள்ளே பாய்ந்து தூசியைக் கிளப்பும். அது ஃபிலிம் மீது படியும். ஊதுவது அதன் தொழில் இல்லைதான், ஆனால் ஊதாமலும் இராது.

உறவும் பழையது. இந்தியா முழுவதும் ஸ்டுடியோக்களில் இருந்த வாகீஸ்வரி மரக் கேமராக்கள் ஆலப்புழையில் உருவானவை. அந்தத் தயாரிப்பைத் தொடங்கிய கருணாகரனின் குடும்பத் தொழில் இசைக்கருவி பழுதுபார்ப்பது. ஒரு கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்யப்போய்த்தான் அவர் 1940களில் கேமராவே செய்யத் தொடங்கினார். ஆர்மோனியத்தில் துருத்தி, கேமராவில் கூடு என்று அவர் பிரித்திருப்பாரா? போதாக்குறைக்கு, முன்னால் தள்ளி நிற்பதைத் ‘துருத்திக்கொண்டு நிற்கிறது’ என்கிறோம். லென்ஸ் அப்படித்தானே நிற்கிறது!

‘கூடு’ எனக்கு வேறொரு காரணத்தாலும் ஒவ்வவில்லை. மரத்தால் ஆன உடலைக் குறிக்க அச்சொல் தேவைப்படும்.

கலைச்சொல் குட்டி போடவேண்டும். 150 மி.மீ. குவியத்தூர லென்ஸை, அருகில் உள்ளதைப் படமெடுக்க, ஃபிலிமிலிருந்து 300 மி.மீ. வரை நீட்டினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது; நான்கு மடங்கு நேரம் கொடுக்கவேண்டும். இதைத் ‘துருத்தி ஈடு’ எனலாம். லென்ஸ் பக்கம் குறுகுவது கூம்புத் துருத்தி. அகலக்கோண லென்ஸுக்கான மடிப்பில்லாதது பைத் துருத்தி. ‘மடிப்புக்கூடு’ என்று வைத்துக்கொண்டால் ‘மடிப்பில்லா மடிப்புக்கூடு’ என்று எழுத நேரும்.

துருத்தியின் துணி அடுக்குகளுக்கு இடையே, மடிப்பு விறைப்பாக நிற்க ஒட்டும் அட்டைத் துண்டுகளுக்கு ‘விலா’ என்று முன்மொழிகிறேன்.

—

(குழுவில் இன்னொருவரின் பதில்) துருத்திக்கு உடன்படுகிறேன். விலாவுக்கு இல்லை. கடையில் போய் விலா வேண்டும் என்றால் கறிக்கடைக்கு வழி காட்டுவார்கள். ‘அட்டைப் பட்டை’ என்றே இருக்கட்டும்.

பழைய கேமராவைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒன்று: இருட்டறையில் துருத்திக்குள் விளக்கை வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் மடிப்பு மூலைகளில்தான் இருக்கும். ஒன்றிரண்டு என்றால் கறுப்புத் துணி ஒட்டிச் சமாளிக்கலாம். மூலையெல்லாம் கிழிந்திருந்தால் புதிதாகத்தான் செய்யவேண்டும். ஆனால் பழையதை எறிந்துவிடாதீர்கள். ஒட்டிய இணைப்பைப் பிரித்து விரித்தால் பட்டைகளின் அளவும் இடைவெளியும் அதிலேயே கிடைக்கும்.

அடுத்த சொல் ‘கிரவுண்ட் கிளாஸ்’: கேமராவின் பின்புறம், லென்ஸ் காட்டும் காட்சி விழுந்து தெரியும் மங்கலான கண்ணாடி. ‘பனிக்கண்ணாடி’ என்றால் குளியலறை ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது. சிலிக்கன் கார்பைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடிமேல் கண்ணாடி வைத்து வீட்டிலேயே தேய்த்து எடுக்கிறோம். ‘தேய்கண்ணாடி’ என்பது என் முன்மொழிவு. மறுப்பு உண்டா?