கோவையிலிருந்து சென்னைக்கு: சவர நுரையும் வீட்டு சர்வரும் ஒருசேர முரண்டு பிடிக்கின்றன

கேள்வி: மருதமலை முகில்

நண்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு இரண்டு பொழுதுபோக்குகள் உண்டு. ஒன்று, பழைய முறைப்படி பிரஷ், சோப்பு, இரட்டை விளிம்பு பிளேடு போட்ட சேஃப்டி ரேசர் ஆகியவற்றைக் கொண்டு சவரம் செய்துகொள்வது. மற்றொன்று, அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, குடும்பப் புகைப்படங்களுக்கு இமிச், திரைப்படங்களுக்கு ஜெல்லிஃபின் என்ற மென்பொருள்களோடு வீட்டிலேயே ஒரு சர்வரை ஓட்டுவது. (சர்வர் வைத்திருக்கிறேன் என்று ஊரில் சொன்னபோது, ஓட்டல் எப்போது ஆரம்பித்தாய் என்று பெரியப்பா கேட்டார்.) கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நான்கு ஆண்டுகள் இவை இரண்டும் ஒரு குறையுமின்றி நடந்தன.

மூன்று மாதங்களுக்கு முன் வேலை நிமித்தமாகச் சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்ககத்துக்கு வந்தோம். இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும், அது போதாத நாள்களில் லாரித் தண்ணீரும்தான். வந்த மறுநாளே அதே சோப்பு, அதே பிரஷ், ஆனால் நுரை எழவில்லை. எழுகின்ற கொஞ்சநஞ்சமும் முகத்தில் பூசி முடிப்பதற்குள் வடிந்துவிடுகிறது. கழுத்தில் எரிச்சலும் சிறு பருக்களும் வந்துவிட்டன.

சர்வரின் கதை வேறு விதம். மடிக்கணினியில் பேட்டரி இருப்பதால் மின்வெட்டு அதை ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்தேன். அது அணையவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் மின்சாரம் போய்வந்த பிறகு புகைப்படங்கள் இருக்கும் வெளி வன்தட்டு காணாமல் போகிறது. ஒருமுறை புதிய படங்கள் வேறெங்கோ பதிவாகி, இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். போதாக்குறைக்கு, கோவையில் வெளியிலிருந்து சர்வரை எட்ட முடிந்தது. இங்கே ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசலை) திறந்துவிட்டும் எட்ட முடியவில்லை.

சிக்கனம் என்று சொல்லித்தான் இவ்விரண்டையும் வீட்டில் நியாயப்படுத்தியிருந்தேன். இப்போது மின்கட்டணச் சீட்டையும், நான் வாங்கிய நான்காவது ரேசரையும் காட்டி, இதில் எங்கே சிக்கனம் என்று மனைவி கேட்கிறார். காலையில் எனக்கென்று கிடைப்பது இருபது நிமிடம்தான். இதில் எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: இராமநாதபுரம் வாத்தியார்

உங்கள் கைப்பழக்கத்தில் குற்றமில்லை, குற்றம் தண்ணீரில். வேதியியல் கற்பிப்பவன் என்பதாலும், உப்புத் தண்ணீர் ஊரில் வாழ்பவன் என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சவர சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின், குறிப்பாக ஸ்டீரிக் அமிலத்தின், பொட்டாசியம், சோடியம் உப்புகளே. நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்தச் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறக் கசடாக மாறிவிடுகின்றன. குளியலறை வாளியின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் அதே கசடுதான் இது. தண்ணீரிலுள்ள கடினத்தன்மை முழுவதும் இவ்வாறு செலவாகித் தீர்ந்த பிறகே மீதமுள்ள சோப்பு நுரை தரத் தொடங்கும். நீங்கள் சிறுவாணியில் பழகிய அளவுக்குத்தான் சோப்பை எடுக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி இங்கே கசடாகவே போய்விடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு தெளிவான சிறு புட்டியில் குழாய்த் தண்ணீரையும், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீரையும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் சவர சோப்பின் ஒரே அளவு சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்கும், மற்றொன்று பாலைப் போல் கலங்கிக் கிடக்கும். ஷாம்பூவை வைத்துச் சோதிக்காதீர்கள். அதிலுள்ள செயற்கைச் சலவைப் பொருள் கடின நீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும். டிடிஎஸ் மீட்டரையும் முழுமையாக நம்ப வேண்டாம். அது கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில்கூட இவை தனித்தனி வரம்புகளே: கரைந்த திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம், மாற்று நீராதாரம் இல்லாத இடங்களில் முறையே 2000, 600 வரை அனுமதி உண்டு.

கொதிக்க வைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதித்தால் நீங்கும். சல்பேட்டு, குளோரைடு ஆகியவற்றால் வருவது எவ்வளவு கொதித்தாலும் போகாது. இரண்டாவது வகை உங்கள் தண்ணீரில் எவ்வளவு என்று தெரியாத நிலையில் எரிவாயுவை வீணாக்க வேண்டாம். ஒரு சவரத்துக்கு வேண்டிய நுரைக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர், ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ தாராளம். அதை வெதுவெதுப்பாக்கி, பிரஷை அதிலேயே நனைத்து, அதிலேயே நுரையைக் கட்டுங்கள். முகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம், ஆனால் சோப்பு பூசுமுன் கடைசியாக ஒரு கை இந்தத் தண்ணீரை முகத்தில் ஒற்றிக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது, சேர்மானப் பட்டியலில் ஈடிடிஏ உள்ள கிரீம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோப்பைக் காப்பாற்றும்.

எலுமிச்சை உப்பு கலக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஒரு சிட்டிகை மிகுந்தாலும் அமிலம் சோப்பையே முறித்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பதில் 2: மதுரை மின்மினி

சவரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் ஆறு ஆண்டுகளாகச் சர்வர் வைத்திருப்பவள் என்ற முறையில் மற்றதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

உங்கள் வெளி வன்தட்டு 3.5 அங்குல வகை, அதற்கென்று தனி அடாப்டர் சுவரில் செருகியிருக்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் மின்சாரம் போகும் நொடியில் மடிக்கணினி பேட்டரியில் விழித்திருக்கும், தட்டு மட்டும் செத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடும். மின்சாரம் திரும்பும்போது அதே தட்டை லினக்ஸ் வேறு பெயரில் காணக்கூடும். பழைய பெயரைச் சொல்லி இணைத்திருந்தால் இணைப்பு தோற்கும். இணைப்பு தோற்ற இடத்தில் வெற்றுக் கோப்புறை ஒன்று கிடக்கும். மென்பொருள் அதையே தட்டு என்று நினைத்து உள்வட்டில் எழுதத் தொடங்கும். உங்கள் படங்கள் வேறெங்கோ போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் 2.5 அங்குலத் தட்டுக்கு மாறினால், அது மடிக்கணினியின் பேட்டரியையே பகிர்ந்துகொள்ளும். எந்தத் தட்டானாலும் பெயரைக் கொண்டு இணைக்காமல், அதற்கே உரிய, மாறாத அடையாளமான யூயுஐடி எண்ணைக் கொண்டு இணையுங்கள். தட்டு இணைந்தால் மட்டுமே இமிச் தொடங்கும்படி அமையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யூபிஎஸ் நிலை என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் மாற்றம் விரைவாக நிகழும் என்பதால் ரவுட்டர் போன்றவை பெரும்பாலும் அணையாமல் தப்பிக்கும்.

வெளியிலிருந்து எட்ட முடியாததற்கு, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். அங்கே உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. தெருக்கதவு பூட்டியிருக்கும்போது அறைக்கதவைத் திறந்து வைப்பதைப் போலத்தான். நிலையான முகவரியைக் காசு கொடுத்து வாங்கலாம். அதைவிட எளிது, வயர்கார்டு என்ற மறைகுறியாக்க இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் மென்பொருளைச் சர்வரிலும் கைப்பேசியிலும் நிறுவிக்கொள்வது. போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை என்பதால் பாதுகாப்பும் கூடும்.

கட்டணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மடிக்கணினி சராசரியாக 15 வாட் எடுத்தால், இரண்டு மாத ரீடிங்கில் 21.6 யூனிட், 3.5 அங்குலத் தட்டு 6 வாட் என்றால் மேலும் 8.6 யூனிட். இந்த 30 யூனிட்டால் பெரிய சுமையில்லை. ஆனால் வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் எல்லையில் இருந்தால் கவனம் தேவை. அதைத் தாண்டியவர்களுக்கு விகித அட்டவணையே வேறு. சென்னை வந்தபின் ஏசி கூடுதலாக ஓடுகிறதா என்றும் பாருங்கள், பாவம் சர்வர் மீது மட்டும் பழி போட வேண்டாம்.

மடிக்கணினியைப் பரண் மேல் வைக்காதீர்கள். மே மாதத்தில் அங்கே அடுப்படி வெப்பம் இருக்கும். எப்போதும் மின் இணைப்பிலேயே இருப்பதால் பேட்டரி உப்பிவிடக்கூடும், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) இருந்தால் இயக்குங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் புகைப்படங்களுக்கு வேறு நகல் இருக்கிறதா? மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையில் பழைய விதி. இமிச் தன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்தை, அது ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் கோப்புறையாக நகலெடுக்காமல், முறையாக டம்ப் (தரவுத்தளமே எழுதித் தரும் முழு நகல்) எடுத்து வையுங்கள். எடுத்ததை ஒருமுறை மீட்டும் பாருங்கள்.

பதில் 3: நேரமில்லாதவன்

மன்னிக்கவும், எனக்கு இது புரியவில்லை. டிரிம்மரில் மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. புகைப்படங்களை மாதச் சந்தா கட்டி இணையத்தில், மேகச் சேமிப்பகத்தில் (கிளவுட்) வைத்திருக்கிறேன், மின்வெட்டுக் கவலையில்லை. இருபது நிமிடமே கிடைக்கும் ஒருவர் அதைத் தண்ணீரைச் சோதிப்பதிலும் தட்டைத் தேடுவதிலும் செலவிடுவானேன்?

பதில் 4: நெல்லைப் பழைய பிளேடு

எனக்கு வயது 71. நேரமில்லாத தம்பி சொல்வதில் தவறில்லை. முகம் மழிந்தால் போதும் என்பவருக்கு டிரிம்மர் நல்ல பொருள்தான். முகில் கேட்டது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

என் தந்தையார் பிளேடு மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துக் கூராக்குவார். அந்தக் காலத்துக் கார்பன் எஃகு பிளேடு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் துடைத்து, காகித உறையில் திரும்ப வைப்பார். அவருக்கு அது சிக்கனம். எனக்கு இன்று அந்தக் கட்டாயமில்லை, நான்கைந்து சவரத்துக்குப் பிறகு தூக்கி எறிய முடிகிறது. (வெறுமனே குப்பையில் போடாதீர்கள். ஒரு தகர டப்பாவில் சிறு பிளவு போட்டுச் சேர்த்து வையுங்கள்; குப்பை பொறுக்குகிறவர் கையை நினைக்க வேண்டும்.) அவர் விட்டுச்சென்ற ரேசரையே இன்றும் பயன்படுத்துகிறேன். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த பிளேடுகள் இன்றும் அதே அளவில் வருவதால், செவன் ஓ கிளாக், டோபாஸ் என்று எதை வாங்கினாலும் அதில் பொருந்துகிறது.

ஆகவே சிக்கனக் கணக்கு வேண்டுமென்றால் ரேசர் ஒன்றோடு நின்றிருக்க வேண்டும் தம்பி. நான்காவது ரேசரை வாங்கியபோதே அந்தக் கணக்கு போய்விட்டது. வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பிடிக்கும், அதனால் செய்கிறேன் என்று. அந்த அம்மா கேட்டதும் அதைத்தான் என்று படுகிறது.

கழுத்து எரிச்சலுக்கு நுரை மட்டும் காரணமில்லை. நுரை மெலிந்ததும் நம்மையறியாமல் கை அழுத்தத் தொடங்கும். ரேசரின் எடையே போதும். பிளேடு முகத்தோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் இருக்கட்டும். பருக்கள் ஆறும்வரை முடி வளரும் திசைக்கு எதிராக மழிக்கவே வேண்டாம். கழுத்தில் முடி பலருக்குப் பக்கவாட்டில் வளரும், விரலால் தடவித் திசையைத் தெரிந்துகொண்டு பிறகு ரேசரை வையுங்கள். முடித்ததும் படிகாரக் கல்லை ஈரமுகத்தில் ஒரு சுற்றுத் தேய்த்துக் கழுவினால், எங்கே அழுத்தினீர்கள் என்று எரிச்சலே காட்டிக்கொடுக்கும். வேலை நாள்களில் ஒரே சுற்று போதும், எட்டு நிமிடத்தில் முடியும். முழுச் சவரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் ஒரு பாத்திரத்தை வைத்து மழைநீர் பிடித்துப் பாருங்கள். வாத்தியார் சொன்ன ஆர்ஓ தண்ணீரைவிட அதில் நுரை கட்டுவது தனிச் சுகம்.

மருதமலை முகில்

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

புட்டிச் சோதனையில் குழாய்த் தண்ணீர் மோர் போல் கலங்கியது. ஒரு டம்ளர் கேன் தண்ணீருக்கு மாறிய அன்றே பழைய நுரை வந்துவிட்டது. கழுத்து இன்னும் முழுமையாக ஆறவில்லை, ஆனால் படிகாரம் போட்டால் இப்போது எரிவதில்லை.

மின்மினி அவர்களின் ஊகம் அப்படியே சரி: 3.5 அங்குலத் தட்டு, தனி அடாப்டர். 2.5 அங்குலத் தட்டுக்கு மாற்றி, யூயுஐடி எண்ணால் இணைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று முறை மின்சாரம் போய்வந்தும் தட்டு அசையவில்லை. ரவுட்டர் முகவரி 100.72 என்று தொடங்கியது. நகல் எதுவும் இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பழைய தட்டில் எல்லாவற்றையும் நகலெடுத்து, போன வாரம் கோவையில் அம்மா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

சிறு சந்தேகம் ஒன்று பாக்கியிருக்கிறது. மூன்று மாதம் கடின நீரில் கிடந்த பிரஷின் முடி விறைத்து வெளுத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற முடியுமா?

இராமநாதபுரம் வாத்தியார்

முடியும். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, முடியின் நுனிப்பகுதி மட்டும் முழுகும்படி ஐந்து நிமிடம் வைத்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கைப்பிடியில் முடி ஒட்டியிருக்கும் இடம்வரை முழுக விட்டால் பசை தளர்ந்துவிடும்.