நேரம் காலம் இல்லாத வேலை, நடுவில் படிப்பு: எப்படிச் சமாளிப்பது?

வயது 24. வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை வேலை. சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. குழுவில் பாதிப் பேர் வேறு நேர மண்டலத்தில் இருப்பதால் இரவு மீட்டிங் எப்போது முடியும் என்றே சொல்ல முடியாது. முதுகலை நுழைவுத்தேர்வுக்குப் படிக்க வேண்டும். அது அப்படியே நிற்கிறது.

பொமோடோரோ முறையில் 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று முயன்றேன். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு. காலண்டரில் நேரம் ஒதுக்கினால் அதன் மேலேயே மீட்டிங் போடுகிறார்கள். அதிகாலைப் படிப்பு கொஞ்ச நாள் நன்றாகவே போனது. அப்புறம் தூக்கம் குறைந்து தலைவலி, பகலில் எரிச்சல். மேனேஜரிடம் பேசியாயிற்று, "பார்க்கலாம்" என்றார் (எல்லா மேனேஜரும் சொல்வதுதான்). வேலையை விடும் நிலையில் இல்லை.

இப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள், வாரத்தில் படிப்புக்கான நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள்?