சூரிக்லேர்ந்து ஒருநாள் ரயில் பயணம்: ஐ.சி.எஃப். அப்பாவுக்கு எந்த ஊர்?

பெரம்பூர்_பொண்ணு:
வணக்கம். மே மாசம் பசங்க லீவுல சுவிட்சர்லாந்துல இருக்கிற தம்பி வீட்டுக்கு, சூரிக் போறோம். நான், அப்பா, அம்மா, பசங்க ரெண்டு பேர் (வயசு 9, 5). தம்பிக்கு ஆபீஸ் இருக்கும், அதனால ஒரு நாள் நாங்களே ரயில் ஏறி ஒரு பழைய ஊரைப் பார்த்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும். அப்பா ஐ.சி.எஃப்.ல (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) ஷெல் பக்கம், அதாவது பெட்டியோட கூடு செய்யற பிரிவுல, வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க போனாலும் ரயில் பெட்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டுதான் ஏறுவார். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஆகாது, ஆனா கடைவீதியில நடக்கச் சொன்னா நாள் பூரா நடப்பாங்க. பெர்ன், லூசர்ன் ரெண்டும் சொல்றாங்க. எது சரியா வரும்? புளிசாதம் கட்டிட்டுப் போலாமா?

கல்மண்டபம்:
லூசர்ன் போங்க சகோதரி. முக்கால் மணி நேரம்தான். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததுமே ஏரி, 14ஆம் நூற்றாண்டு மரப்பாலம். 1993ல தீப்பிடிச்சு பெரும்பகுதி எரிஞ்சதைத் திரும்பக் கட்டியிருக்காங்க. போக்குவரத்து மியூசியமும் அங்கதான், பழைய இன்ஜின் எல்லாம் நிக்கும். அப்பாவுக்கு வேற என்ன வேணும்?

ராயபுரத்தான்:
லூசர்ன் அருமையான ஊர்தான், மறுக்கல. ஆனா அந்த மியூசியத்துக்குள்ள உங்க அப்பா போனா சாயங்காலம்தான் வெளிய வருவார், அம்மா பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. அதுக்குத் தனியா ஒரு நாள் வைங்க. இந்த நாளுக்கு பெர்ன்தான். முதல் காரணம் ஊரே இல்ல, போற வழி.

எங்க நைனாவும் ஐ.சி.எஃப்., ஃபர்னிஷிங்ல (பெட்டிக்கு உள்வேலை செய்யற பிரிவு) இருந்தார். சூரிக்லேர்ந்து பெர்ன் போற வண்டி கிளம்பின கொஞ்ச நேரத்துல ஷ்லீரன்னு ஒரு ஸ்டேஷனைத் தாண்டும், நிக்காது. உங்க அப்பாகிட்ட அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. ஐ.சி.எஃப். 1955ல ஆரம்பிச்சப்போ பெட்டி டிசைன் வந்தது அந்த ஊர் கம்பெனிகிட்டேர்ந்துதான். 2018 வரைக்கும் பெரம்பூர்ல அந்த வழி வந்த பெட்டி செஞ்சுக்கிட்டிருந்தாங்க. நைனாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். போர்டு கண்ணுல பட்டதும் எழுந்து நின்னுட்டார். இங்கேர்ந்து வந்த டிராயிங்கை வச்சுத்தான் தன் சீனியர்ங்க வேலை கத்துக்கிட்டாங்கன்னு பக்கத்து சீட்டு வெள்ளைக்காரம்மாகிட்ட சைகையிலயே விளக்க ஆரம்பிச்சுட்டார். அந்த அம்மாவும் பொறுமையா கேட்டுச்சு. அந்தத் தொழிற்சாலை 1985லயே மூடிட்டாங்க, இப்ப அந்த இடத்துல வேற கம்பெனிங்க. ஆனாலும் அந்த ஊர் வழியா ஒரு தடவை போறது நம்ம பெரம்பூர் ஆளுங்களுக்குப் பெரிய விஷயம்ங்க. இதை வேற எந்த ஊர்லயும் கொடுக்க முடியாது.

அடுக்கு வண்டியா கிடைச்சா பசங்களுக்காக ஃபேமிலி கோச்ல ஏறுங்க, மாடியில சறுக்குமரம் எல்லாம் இருக்கும். பிளாட்பாரத்துல ஏ, பி, சி, டின்னு பகுதி பிரிச்சிருப்பாங்க, எந்தப் பெட்டி எங்க நிக்கும்னு போர்டுல படம் வரும். அதைப் பார்த்து நின்னுக்கிட்டா அம்மா ஓட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள்ள பெர்ன்.

ஊரைப் பத்தி: 1405ல பெரிய தீயில மரவீடெல்லாம் போய், அப்புறம் மணற்கல்லுல கட்டினது. 1983லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. கடைவீதி ரெண்டு பக்கமும் கல் தாழ்வாரம், மொத்தம் 6 கிலோமீட்டர். மண்ணடி பழைய வீட்டுத் திண்ணைங்களை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மேல கூரை போட்ட மாதிரி இருக்கும். மழை பெஞ்சாலும் அம்மா நனையாம நடக்கலாம். நடுத்தெரு உருளைக்கல்லு, அங்க மட்டும் கையைப் பிடிச்சுக்கோங்க.

மணிக்கூண்டுக்குக் கீழ, மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே போய் நில்லுங்க. சேவல் பொம்மை கூவும், குட்டிக் கரடி பொம்மைங்க சுத்தி வரும். உள்ள இருக்கிற இயந்திரம் 1530ல செஞ்சது. அப்பா மேல ஏறிப் பார்க்கணும்னு நிப்பார், அதுக்கு கைடு டூர் உண்டு, முன்னாடியே பதிஞ்சுடுங்க. அந்த நேரம் அம்மாவும் பசங்களும் கடை பார்க்கட்டும். ஐன்ஸ்டீன் 1905ல குடியிருந்த வீடு அதே தெருவுல 49ஆம் நம்பர், ஆனா மாடி ஏறணும். பெரிய சர்ச் கோபுரம் 300 படிக்கு மேல, அதை விட்டுடுங்க.

தெருக் கோடியில பாலம் தாண்டினா நிஜக் கரடி, ஆத்தங்கரையிலேயே உலாத்தும். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கேர்ந்து ஸ்டேஷனுக்கு 12ஆம் நம்பர் பஸ்.

பெரம்பூர்_பொண்ணு:
அண்ணா, படிச்சுக் காட்டினேன். "ஷ்லீரனா! பெட்டிக்கு அடியில சக்கரம் மாட்டற போகி டிசைனே அவங்களுதுதான்மா"ன்னு ஆரம்பிச்சவர் இன்னும் நிறுத்தல. பெர்ன்தான். டிக்கெட்டும் சாப்பாடும் சொல்லுங்க.

ராயபுரத்தான்:
சந்தோஷம்மா. தேதி உறுதின்னா சேவர் டே பாஸ் (ஒரு நாள் முழுக்கப் பயணம் பண்ற பாஸ்) எடுங்க. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், எடுத்துட்டா அந்தத் தேதிக்கு மட்டும்தான். சின்னவனுக்கு 6 வயசு ஆகலையே, டிக்கெட் வேணாம். பெரியவனுக்குக் குறைஞ்ச கட்டணம். சீட் ரிசர்வேஷன் தேவையில்ல, அரை மணிக்கு ஒரு வண்டியாவது உண்டு.

புளிசாதம் தாராளமா. வண்டியிலயே சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தண்ணி வாங்காதீங்க, பெர்ன் தெருவுல இருக்கிற பழைய நீரூற்றுல குடிக்கிற தண்ணியே வருது, பாட்டில்ல பிடிச்சுக்கலாம்.

கல்மண்டபம்:
ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க. ஊருக்குள்ள கடை மூடியிருக்கும், ஸ்டேஷன் கடைங்கதான் திறந்திருக்கும். அம்மா ஏமாந்துடுவாங்க.

பெரம்பூர்_பொண்ணு:
அப்ப செவ்வாய்க்கிழமை. நன்றி ரெண்டு பேருக்கும். மணிக்கூண்டு டூரை இன்னிக்கே தம்பிகிட்ட சொல்லிப் பதியச் சொல்றேன்.