இடுப்புப் பகுதி கோன்பீம் படம் மங்கலாக இருக்கிறது: கதிர் அளவைக் கூட்டுவதா, காரணத்தைத் தேடுவதா?

கேள்வி: மண்டபத்திலிருந்து ஒரு மருத்துவ இயற்பியலர்

வணக்கம். என் சொந்த ஊர் மண்டபம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் சிகிச்சைக்கு வருவோரில் பலர் இராமேசுவரம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என நம் கரையோர ஊர்க்காரர்கள். அவர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக 25 நாள் சிகிச்சை பெறும் பெண்களைப் பற்றியே இந்தக் கேள்வி.

நாள்தோறும் கதிர் செலுத்துவதற்கு முன்பு லீனாக் என்ற சிகிச்சைக் கருவியிலேயே கோன்பீம் சிடி (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாணப் படம்) எடுத்து, திட்டமிடலுக்கு எடுத்த சிடியோடு பொருத்திப் பார்க்கிறோம். கடந்த இரண்டு மாதங்களாக எலும்புகள் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் சிறுநீர்ப்பைக்கும் கருப்பைக்கும் இடையிலான எல்லை தெளிவாகத் தெரிவதில்லை. படத்தின் நடுப்பகுதி கருத்தும் ஓரம் வெளுத்தும் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பிறை வடிவ நிழல் விழுகிறது. சிலருக்கு மட்டும் மலக்குடலிலிருந்து கோடுகள் கிளம்பிப் படம் முழுவதும் ஓடுகின்றன. 125 கேவி (கதிர்க்குழாயின் மின்னழுத்தம்), ஹாஃப்-ஃபேன் முறையில் (உணரியை ஒரு பக்கம் நகர்த்தி, அகலமான பகுதியைப் படமெடுப்பது) எடுக்கிறோம். எம்ஏஎஸ் அளவை (வெளிவரும் கதிரின் அளவைத் தீர்மானிப்பது) இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். எலும்பை மட்டும் நம்பிச் சிகிச்சை கொடுக்கும் நாள்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே வேளையில், காரணம் தெரியாமல் கதிர் அளவைக் கூட்டவும் மனம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கீழக்கரையிலிருந்து, பணி ஓய்வு பெற்ற இயற்பியலர்

மங்கல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது ஒரே குறை அல்ல. மணல் தூவியதுபோல் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இரைச்சல். பனி மூடியதுபோல் திசுக்களுக்கு இடையிலான வேறுபாடு மங்கினால் அது பெரும்பாலும் சிதறல் கதிர், அதாவது உடலில் பட்டுத் திசை மாறி வரும் கதிர். ஓரங்கள் இரட்டையாகத் தெரிந்தால் அசைவோ, கருவியின் வடிவியல் அளவுதிருத்தத்தில் பிழையோ இருக்கும். எம்ஏஎஸ் கூட்டுவதால் குறைவது முதலாவது மட்டுமே. அதிலும், கதிர் அளவை இரட்டித்தால் இரைச்சல் ஏறத்தாழ 30 சதவீதந்தான் குறையும். பாதியாகக் குறைய வேண்டுமானால் நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். நீங்கள் விவரித்த மூன்று அடையாளங்களில் ஒன்றுகூட இரைச்சலின் அடையாளம் அல்ல.

நடு கருத்து ஓரம் வெளுப்பது சிதறலின் வேலை. நோயறியும் சிடி கருவியில் கதிர் மெல்லிய விசிறிபோல் செல்வதால் சிதறல் குறைவு. லீனாக்கிலோ கதிர் அகன்ற கூம்பாக உடலைக் கடந்து தட்டை உணரியில் விழுகிறது; இடுப்பு போன்ற தடித்த பகுதியில் நேராக வரும் கதிரைவிடச் சிதறி வரும் கதிரே மிகுந்துவிடும். அந்த மிகைச் சமிக்ஞையைக் கண்டு, நடுவிலுள்ள திசு கதிரைக் குறைவாகத் தடுத்ததாகக் கணினி தவறாகக் கணக்கிடுவதால்தான் நடு கருக்கிறது. 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் வெளியிட்ட படமீட்டெடுப்பு முறையே (பல திசைப் பதிவுகளிலிருந்து முப்பரிமாணப் படத்தைக் கணக்கிடும் முறை) இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படை. அந்தக் கணக்கு, வந்து சேர்ந்த கதிர் எல்லாம் நேர்க்கதிர் என்றே கொள்கிறது. எம்ஏஎஸ் கூட்டினால் நேர்க்கதிரோடு சிதறலும் அதே விகிதத்தில் கூடும், மங்கல் அப்படியே நிற்கும். மாறாக, தலை-கால் திசையில் படமெடுக்கும் நீளத்தைக் கதிர்த்தடுப்பான்களால் குறைத்தால் சிதறலும் குறையும், நோயாளி பெறும் கதிரும் குறையும். உங்கள் கருவியின் மென்பொருளில் சிதறல் திருத்தமோ மறுசெய்கை முறை (படத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தும்) மீட்டெடுப்போ இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள்.

பிறை வடிவ நிழலைப் பார்த்தால் எனக்கு அளவுதிருத்தத்தின் மீதுதான் சந்தேகம். போ-டை வடிகட்டி (கதிர் வரும் வழியில் பொருத்தும் உலோகத் துண்டு) ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பது. உடலின் மெல்லிய ஓரங்களில் கதிர் மிகாமல் அது தடுக்கிறது. கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றிவரும் கருவிப் பகுதி) சுற்றும்போது அது சற்றே தளர்ந்து நகர்ந்தாலும், உடல் இல்லாமல் வெறும் காற்றில் எடுத்த அளவுதிருத்தப் படத்தோடு அது பொருந்தாது. அந்த வேறுபாடுதான் பிறையாக விழுகிறது. கடைசியாகப் பழுதுபார்ப்புக்கு ஆள் வந்த நாளையும், கடைசியாக அளவுதிருத்தம் செய்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு உணரி சீரான வெப்பநிலைக்கு வருவதற்கு முன்பே அதன் இருள்நிலை (கதிர் படாத நிலை) அளவுதிருத்தத்தைச் செய்துவிடுவதும் நான் பல முறை கண்ட தவறு.

எதையும் மாற்றுவதற்கு முன்பு ஃபேன்டத்தை (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து, நோயாளிக்கு எடுக்கும் அதே முறையில் ஒரு படம் எடுங்கள். குறை அதிலும் தெரிந்தால் அது கருவியுடையது. தெரியாவிட்டால் நோயாளியின் உடலிலும் ஆயத்தத்திலும் தேடுங்கள். சீர்மை, இரைச்சல், மாறுபாடு, ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் (திசு கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டுவது) ஆகியவற்றை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கத்தின் 142-ஆம் பணிக்குழு 2009-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த மாதாந்தரப் பதிவேட்டைப் புரட்டினால் குறை எந்த வாரம் தொடங்கியது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

பதில்: பாம்பனிலிருந்து ஒரு செவிலியர்

கருவியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சிலருக்கு மட்டும் கோடுகள் வருகின்றன என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பகுதியில் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் சிலருக்குச் சிகிச்சைக் காலத்தில் உடனிருந்து உதவி செய்திருக்கிறேன். இங்கிருந்து மதுரை 160 கிலோமீட்டருக்கும் மேல். காலை எட்டரைக்கு நேரம் ஒதுக்கினால் அவர்கள் விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து ஏற வேண்டும். வழியில் கழிப்பறைக்கு இறங்க முடியாது என்பதால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் மலம் கழிக்கவும் முடிவதில்லை. வறண்ட உடலோடு மருத்துவமனைக்கு வந்து அங்கே அரை லிட்டர் தண்ணீர் குடித்தாலும், மதுரையிலேயே இருப்பவருக்கு நிறையும் வேகத்தில் அவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறையாது. மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கும் சேர்ந்துகொண்டால் வயிற்றில் காற்று எவ்வளவு இருக்கும் என்பதை நம் ஊர்க்காரராகிய நீங்களே அறிவீர்கள். சிறுநீர்ப்பையை நிறைத்தும் மலக்குடலைக் காலியாக்கியும் வரச் சொன்னபடி செய்யவில்லை என்று அவர்களைக் கடிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது என்னை மிகவும் வருத்தியது. தூரத்து ஊர்க்காரர்களுக்குப் பதினொரு மணிக்குப் பிறகு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வந்தவுடன் கழிப்பறைக்குச் சென்றுவர விட்டு, அதன் பிறகு தண்ணீர் கொடுத்து, குடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: தொண்டியிலிருந்து ஒரு கதிர்வீச்சுத் தொழில்நுட்பர்

செவிலியர் சொல்வது படத்தின் தரத்தை நேரடியாகத் தொடும் செய்தி. கேன்ட்ரி ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நிமிடத்தில் பல நூறு படங்கள் பதிவாகின்றன. மலக்குடலில் காற்று இடையில் நகர்ந்தால் முன்பாதிப் படங்களும் பின்பாதிப் படங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கோடுகளாகச் சிதறும். கோடுகள் விழுந்த படத்தை உடனே மறுபடி எடுப்பதைவிட, நோயாளியை எழுப்பிக் காற்று வெளியேற விட்டு எடுப்பது நல்லது.

கீழக்கரை ஐயா சொன்ன நீளக் குறைப்பில் ஒரு கவனம் வேண்டும். மேல்வயிற்று நிணநீர்க் கணுக்களுக்கும் சிகிச்சை கொடுப்பவர்களுக்கு நீளத்தைக் குறைத்தால் பார்க்க வேண்டிய பகுதியே படத்தில் விடுபட்டுப்போகும்; ஆகவே மருத்துவரிடம் ஆள்வாரியாகக் கேட்டே குறைக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு ஃபுல்-ஃபேன் முறை (உணரியை நகர்த்தாமல் நடுவில் வைத்து எடுப்பது) போதுமே என்று சிலர் நினைப்பதுண்டு. அதில் முழுமையாகத் தெரியும் விட்டம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான். ஒல்லியான பெண்ணின் இடுப்புகூட அதற்குள் அடங்காது.

கதிர் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. இடுப்புக் கோன்பீம் படம் ஒன்றுக்குப் பொதுவாக 1 முதல் 3 சென்டிகிரே வரை சேரும் (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரின் அலகு; அதில் நூறில் ஒரு பங்கு சென்டிகிரே). நாளுக்கு 2 என்று வைத்தால் 25 நாளில் 50 சென்டிகிரே; 50 கிரே சிகிச்சையில் அது 1 சதவீதம். படங்களால் சேரும் அளவு சிகிச்சை அளவில் 5 சதவீதத்தைத் தாண்டினால் திட்டத்திலேயே கணக்கிட வேண்டும் என்பது அதே அமெரிக்கச் சங்கத்தின் 180-ஆம் பணிக்குழுவின் பரிந்துரை. இரட்டிப்பாக்கினாலும் அந்த எல்லையை எட்டாது என்பது உண்மைதான். ஆனால் பயன் இல்லாத கதிர் எவ்வளவு சிறியதானாலும் நான் கொடுக்க மாட்டேன்.

மண்டபத்திலிருந்து, மூன்று வாரங்களுக்குப் பிறகு

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) அவர்களுக்கு முதலில் நன்றி. ஃபேன்டத்திலும் அதே பிறை தெரிந்தது. பதிவேட்டைப் பார்த்தபோது, பழுதுபார்க்க வந்தவர்கள் வடிகட்டியைக் கழற்றி மாட்டிய பிறகு காற்று அளவுதிருத்தம் செய்யப்படவே இல்லை என்பது தெரிந்தது. செய்து முடித்த அன்றே பிறை மறைந்தது. மருத்துவர் இசைந்த நோயாளிகளுக்கு மட்டும் படத்தின் நீளத்தை 16 சென்டிமீட்டரிலிருந்து 11 ஆகக் குறைத்தோம். நடுக் கருமை முற்றிலும் போகவில்லை, ஆனால் சிறுநீர்ப்பையின் பின்சுவரைக் கோடிட்டுக் காட்டும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. பொருத்திப் பார்ப்பதற்கு 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள படத்துண்டுகளை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மாறியதும், கதிரைக் கூட்டாமலேயே இரைச்சல் அடங்கியது. எம்ஏஎஸ் பழையபடியே இருக்கிறது.

பாம்பன் அக்கா எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கரையோர நோயாளிகள் ஆறு பேருக்கு நேரத்தை முற்பகல் பதினொன்றுக்கு மேல் மாற்றிவிட்டோம். கோடுகள் இப்போதும் சில நாள்களில் வருகின்றன, முன்போல் நாள்தோறும் இல்லை.

ஒருவருக்கு மட்டும் வழி தெரியவில்லை. தேவிபட்டினத்துப் பாட்டி ஒருவருக்கு வலது இடுப்பு மூட்டில் உலோகம் பொருத்தியிருக்கிறார்கள். அந்த மட்டத்தில் படம் முழுவதும் கருங்கோடுகள்.

பதில்: கீழக்கரையிலிருந்து

உலோகம் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுவதால் அந்தத் திசையில் கணினிக்குச் செய்தியே கிடைப்பதில்லை. உலோகத் திருத்த மென்பொருள் இல்லையென்றால், மூட்டு மட்டத்துத் துண்டுகளை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ள துண்டுகளில் சிறுநீர்ப்பையின் மேற்புறத்தையும் கருப்பையையும் பாருங்கள். பாதிப்பு அங்கே மிகவும் குறைவாக இருக்கும். மூட்டு மட்டத்துக்கு எலும்புப் பொருத்தத்தையே கொள்ளுங்கள். தண்ணீர் குடித்த நேரத்தை அவருக்கு மட்டும் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் செய்து, படமெடுப்பதற்கு முன்பு அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பையில் உள்ள சிறுநீரின் அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.