படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது

அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆறு வாரம் கால் ஊன்றக்கூடாது. அறை மங்களகரமாக இருக்கட்டுமே என்று ஹாலில் இருந்த தஞ்சாவூர் ஓவியத்தைக் கழற்றி, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். வெண்ணெய் கிருஷ்ணர்.

முதல் ராத்திரியே அம்மா ஆரம்பித்துவிட்டார். "சாமிக்கு நேரா காலை நீட்டிப் படுக்கச் சொல்றியேடா." தலையணை மேல் உயர்த்தி வைத்த கட்டுக்கால், குறி வைத்தாற்போல கிருஷ்ணரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. தலைமாட்டை மாற்றலாம் என்றால் அந்தப் பக்கம் வடக்கு. செத்தாலும் வைக்கமாட்டார்.

மறுநாள் அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நானே கட்டிலில் படுத்துப் பார்த்தேன். நின்று பார்க்கும்போது அழகாக இருந்த படம் அங்கிருந்து வேறு மாதிரி தெரிந்தது. கண்ணாடியில் பாதி ஜன்னல், பாதி டியூப்லைட். விளக்கை அணைத்து நைட் லேம்ப் போட்டால் தங்க ரேக்கும் கற்களும் கண்ணைக் குத்தின. தலையை லேசாகத் திருப்பினால் வேறொரு கல் மின்னுகிறது. தூக்கம் வராமல் கிடக்கிறவருக்கு இது எதற்கு?

ஸ்ரீகாளஹஸ்தியில் வாங்கி பீரோவில் மடித்தே வைத்திருந்த கலம்காரித் துணி நினைவுக்கு வந்தது. ஒரு மரம், கிளை முழுக்கக் கிளிகள். பிரேம் கடைக்காரர் கண்ணாடி போட்டே தீருவேன் என்றார். வேண்டாம் என்று மேலும் கீழும் மரச்சட்டம் மட்டும் கோத்துத் தொங்கவிட்டேன், வழக்கத்தைவிட ஒன்றரை அடி தாழ்வாக. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கிற கறுப்பு அது, மினுக்கே கிடையாது. மை பரவாமலிருக்கத் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்ப்பார்கள். பீரோவைத் திறந்ததும் அந்த வாடை லேசாக அடித்தது. வெயில் நேரே படாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

உங்கள் வீடுகளில் எப்படி?

ராத்திரி டூட்டி:
நான் செவிலியர். நீங்கள் படுத்துப் பார்த்ததை எங்கள் வார்டுக்கு அலங்காரம் செய்தவர்கள் செய்யவே இல்லை. கட்டில்களுக்கு எதிரே சிவப்பும் கறுப்புமாக ஒரு நவீன ஓவியம். அறுவை முடிந்து இரண்டாம் நாள், கொஞ்சம் குழப்பத்தில் இருந்த தாத்தா ஒருத்தர் நடுராத்திரி கூப்பிட்டார். "பாப்பா, சுவத்துல ரத்தம் வழியுது பாரு, தொடைச்சு விடும்மா." பகலில் அதே படத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதைக் கழற்ற வைக்க மூன்று வாரம் அலைந்தேன்.

படிக்கும்போது ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது நிஜ மரம், உங்களுடையது துணி மரம். ஆனாலும் நான் கிளிகள் பக்கம்தான்.

மாடிவீட்டு அக்கா:
நாங்க படுக்கையறையில பெரிய அருவிப் படம் மாட்டினோம். மாமியார், "தண்ணி வெளிய ஓடுற படம் வீட்டுல இருந்தா காசு நிக்காது"ன்னு ஒரே சண்டை. வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவே இல்ல. கடைசில கழட்டினது நான்தான். அதைப் பார்த்துட்டுப் படுத்தா ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகவேண்டியிருந்தது, வேற காரணம் ஒண்ணும் இல்ல.

திரி தொடங்கியவர்:
அக்கா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்து கால் வலிக்கிறது என்கிறார்! கிருஷ்ணர் ஹாலுக்கே திரும்பிவிட்டார். தூக்கம் வராதபோது அம்மா கிளிகளை எண்ணுகிறாராம். நேற்றுக் கணக்கு பத்தொன்பது. நான் எண்ணினால் பதினெட்டுதான் வருகிறது. "அந்த அடிக்கிளைக்குப் பின்னாடி வால் மட்டும் தெரியுது பாரு" என்கிறார். படுத்துப் பார்த்தேன். தெரிகிறது.