“சேர்த்துக்கொள்கிறார்களா?” என்று கேட்டால் எல்லாரும் “ஓம்” என்கிறார்கள்

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
கல்வி முதுமாணி ஆய்வுக்கு, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் உடற்கல்விப் பாடவேளை அனுபவத்தை எடுத்திருக்கிறேன். வினாக்கொத்தை முதலில் என் பள்ளிக்கூடத்து இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். “விளையாட்டில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா?” என்பதற்கு இருவருமே “ஓம்” என்று அடையாளமிட்டார்கள். ஆனால் அதில் ஒருவன் மாமரத்தடியிலேயே இருப்பதை நானே கண்டிருக்கிறேன். எங்கே பிழை?

கல்லடிக்காரன்:
தங்கச்சி, என்னைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. ஆறாம் ஆண்டிலிருந்து ஓ.எல் பரீட்சை வரை, தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டுக்கு ஸ்கோர் எழுதியது நான்தான். சேர் தங்கமான மனுசன், “மகன், நீ வெயிலில் நிற்காதே” என்பார். கோபப்படக்கூட வழியில்லை, பாருங்கள்! ஒருநாள் நல்ல மழை. வகுப்புக்குள்ளே கரம் போர்ட் போட்டோம், இரண்டு ஆட்டம் வென்றேன். அடுத்த கிழமை வெயில் எறித்தது, திரும்பவும் ஸ்கோர் கொப்பி.

“சேர்த்தார்களா” என்று கேட்காதீர்கள். “போன செவ்வாய்க்கிழமை அந்த 40 நிமிடமும் எங்கே இருந்தாய், கையில் என்ன இருந்தது?” என்று கேளுங்கள்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
அந்தச் சேரைப் போல நானும் எத்தனையோ பிள்ளைகளை நிழலில் இருத்தியிருக்கிறேன். டோக்கியோ பராலிம்பிக்கில், ஒரு கை ஏலாத நம் நாட்டு வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீட்டர் எறிந்து தங்கம் எடுத்தபோதுதான் யோசித்தேன்: இல்ல விளையாட்டுப் போட்டியில் கை ஏலாத ஒரு பிள்ளையிடமாவது ஈட்டியைக் கொடுத்தேனா? இல்லை. கோல்போல் என்று ஒன்று இருக்கிறது, பக்கத்துக்கு மூன்று பேர், எல்லாருக்கும் கண்ணைக் கட்டி, மணி வைத்த பந்தின் சத்தத்தை வைத்து விளையாடுவது. அதையும் ஓய்வுபெற்ற பிறகுதான் அறிந்தேன்.

டீச்சர், நீங்களே கேட்காதீர்கள். தன் டீச்சரிடம் “இல்லை” என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? வலயக் கல்வி அலுவலக அனுமதியும் தாய் தகப்பனின் கையெழுத்தும் இருந்தாலும், பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
நன்றி அண்ணா, நன்றி சேர். மாமரத்தடிப் பையனும் அவனுடைய அம்மாவும் சம்மதித்தார்கள். வேறு பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரை வைத்து, அண்ணா சொன்னபடியே கேட்பித்தேன். செருப்புகளுக்குக் காவல் இருந்தானாம். 21 சோடி, ஒன்றில் வார் அறுந்திருந்ததாம்.