பாப்பாவுக்கு அரிசிக் கூழ்: ஆர்சனிக் இருக்குமா?

கோத்தகிரி அம்மா:
பாப்பாவுக்கு ஏழு மாதம். காலையும் மாலையும் கடையில் வாங்கிய அரிசி மாவுக் கூழ், மதியம் வடித்த கஞ்சி விட்டுக் குழைத்த சோறு. அரிசியில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள், ஈயம் எல்லாம் இருக்கிறது என்று தங்கை சொன்னதிலிருந்து டப்பாவைத் திறக்கவே கை வரவில்லை. நாலு தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடாதா?

குன்னூர்க்காரி:
கழுவினால் தூசிதான் போகும். தண்ணீர் நிற்கும் வயலில் சேற்றுக்குக் காற்று போகாது, அப்போது மண்ணில் இருக்கிற ஆர்சனிக் கரைந்து வேர் வழியாக நெல்மணிக்குள்ளேயே ஏறிவிடும். தவிட்டில் இன்னும் அதிகம், அதனால் சத்து என்று கைக்குத்தல் அரிசிக்கு மாறாதீர்கள். அமெரிக்காவில் 2020-ல் குழந்தைகளின் அரிசிக் கூழ் மாவுக்கு, கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கில் நச்சு அதிகமான வகை) என்று வரம்பு வைத்தார்கள். ஒரு வேளை கொடுத்ததற்குப் பயப்பட வேண்டாம். ஏழெட்டு கிலோ உடம்புக்குத் தினமும் மூன்று வேளையும் அரிசியே என்றால்தான் கவலை.

ஊட்டி மருமகள்:
இங்கே ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு லேசில் வேகாது, அதனால் எல்லார் வீட்டிலும் குக்கர்தான். வைத்த தண்ணீர் மொத்தமும் சோற்றுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நேரமானாலும் பாப்பா பங்கை மட்டும் தனிப் பாத்திரத்தில், ஒரு பங்கு அரிசிக்கு ஆறிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வடித்துவிடுங்கள், கனிம ஆர்சனிக் ஏறக்குறைய பாதி குறையும். சத்தும் கொஞ்சம் போகும்தான். ஆனால் குறைந்தது எங்கும் ஆவியாகிப் போகவில்லை அக்கா, அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது. அதைப் பாப்பாவுக்கு விடாதீர்கள்.

கோத்தகிரி அம்மா:
ஐயோ, சத்து என்று அதைத்தானே தினம் தேடிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்கட்டும்?

குன்னூர்க்காரி:
மனசு கஷ்டப்படாதீர்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான் கொடுத்தார். ராகியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்துத் துணியில் சலித்துக் கூழ் காய்ச்சுங்கள். பாசிப்பருப்பு, நம் ஊர் கேரட், உருளைக்கிழங்கு மசித்துக் கொடுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும், அதனால் முட்டை மஞ்சள் கரு, கீரையை விடாதீர்கள். அரிசியை அடியோடு நிறுத்த வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வடித்த சோறு போதும்.

கோத்தகிரி அம்மா:
சரி, ராகி ஊறப்போட்டுவிட்டேன். மூன்று நாளாக மூடுபனி, வெயிலே இல்லை. அடுப்புப் பக்கத்தில் முறத்தில் பரப்பினால் காயுமா, பூஞ்சை பிடித்துவிடுமா?

ஊட்டி மருமகள்:
மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட்டால் காயும். கொஞ்சம் ஊசல் வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள்.